குறைந்த செலவில் மேசைக் கணினி: மும்பையில் பாகம் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

தாராவி, சயான், மாட்டுங்கா லேபர் கேம்ப், அண்டாப்ஹில் பக்கம் நம்மவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணினி பூட்டிக் கொடுக்கத் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. வீடு மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. பாதிப் பேர், கணினிப் பாகக் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டுக்குப் போவதற்கு முன்பு கேட்கிறார்கள். மீதிப் பேர் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்து அதையே கேட்கிறார்கள். முன்பே கேட்டிருந்தால் மிச்சமாகியிருக்கும் பணத்தை நினைத்துத்தான் இவற்றை எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன. மேலிருந்து வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே பேசுகின்றன.

அக்கா, வீட்டிலேயே கம்ப்யூட்டர் பூட்டுவதற்கு சால்டரிங் எல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா?

வேண்டாம். ஒரு நட்சத்திர முனைத் திருப்புளி, நல்ல வெளிச்சம், இரண்டு மணி நேரப் பொறுமை, இவை போதும். மூளையான பிராசசர், எல்லாவற்றையும் இணைக்கும் மதர்போர்டு, வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகமான ரேம், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ், எல்லாவற்றையும் அடக்கும் கேபினட் ஆகிய ஆறும் சேர்ந்தால் பெட்டி தயார். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் வெளியே. பெரும்பாலான செருகிகளை அவற்றுக்குரிய துளையில் மட்டுமே போகும்படி செய்திருக்கிறார்கள். பலத்தைக் காட்டினால்தான் உடையும்.

கை நடுங்கும் இடம் ஒன்றே ஒன்று: பிராசசரை வைக்கும் இடம். இன்டெல், ஏஎம்டி என்று பிராசசர் நிறுவனங்கள் இரண்டு. இன்டெல்லில் ஊசிகள் மதர்போர்டில் இருக்கின்றன. ஏஎம்டியின் பழைய ஏஎம்4 வகையில் பிராசசரின் அடியில் இருக்கின்றன. மூலையில் உள்ள சிறு முக்கோணங்கள் இரண்டையும் ஒன்றாகப் பார்த்து, மேலிருந்து மெதுவாக வைத்தால் தானாக உட்காரும். அழுத்தக் கூடாது.

லேப்டாப் வாங்குவதைவிட இது லாபமா?

கல்லூரிக்குத் தினமும் எடுத்துப்போக வேண்டிய பிள்ளைக்கு லேப்டாப்தான் சரி. அவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். வீட்டிலேயே இருந்து டேலி, போட்டோஷாப், வீடியோ வெட்டுதல், புரோகிராமிங் செய்கிறவர்களுக்கும், ஒரே கணினியை மூன்று பேர் பங்கிடும் வீட்டுக்கும் மேசைக் கணினி லாபம். அதே பணத்தில் வேகம் கூடுதல். ஐந்தாம் ஆண்டில் ஒரு பாகம் போனால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம்.

மானிட்டர் செலவை மறந்துவிட்டு ஒப்பிடுகிறவர்கள் அதிகம். வீட்டில் எச்டிஎம்ஐ துளையுள்ள டிவி இருந்தால் முதல் ஆறு மாதம் அதிலேயே ஓட்டலாம்.

என்னிடம் 35,000 ரூபாய்தான் இருக்கிறது. எதில் எவ்வளவு போடுவது?

இங்கே விலைப்பட்டியல் எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். 2025 கடைசியில் ரேம் விலை ஏறியதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதால், நம் ஊர்க் கடையில் ஒரு மாணவன் வாங்கும் ரேமின் விலையும் மேலே போனது. அதனால் தொகையை விட்டுவிட்டு முறையைச் சொல்கிறேன்.

பின்னால் தனியாக மாற்ற முடியாததை முதலில் நன்றாக வாங்குங்கள். மதர்போர்டை மாற்றினால் பெரும்பாலும் பிராசசரையும், சில சமயம் ரேமையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும். எஸ்எம்பிஎஸ் மோசமாக இருந்தால் போகும்போது மற்றவற்றையும் கூட்டிக்கொண்டு போகும். இந்த இரண்டிலும் கை வைக்காதீர்கள். இன்னொரு ரேம், கூடுதல் ஹார்ட் டிஸ்க், திரையில் படம் வரையும் கிராஃபிக்ஸ் கார்டு ஆகியவற்றை தீபாவளி போனஸிலோ அடுத்த வருடமோ செருகிக்கொள்ளலாம். கேபினட்டின் கண்ணாடிக் கதவும் வண்ண விளக்கும் கடைசி.

பிராசசருக்கு மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகவிடாதீர்கள். நான் பார்த்தவரை தவறு நடப்பது அங்கேதான். நண்பன் சொன்ன பெரிய பிராசசரை வாங்கிவிட்டு, மீந்த சில்லறையில் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸும் 4 ஜிபி ரேமும் வாங்குகிறார்கள்.

ஐ7 கம்ப்யூட்டரே 15,000 ரூபாய்க்குக் கிடைக்கிறதே, நீங்கள் ஏன் ஐ3 வாங்கச் சொல்கிறீர்கள்?

ஐ3, ஐ5, ஐ7 என்பவை இன்டெல் பிராசசரில் ஒரே தலைமுறைக்குள் உள்ள படிகள். எந்தத் தலைமுறை என்பதை அடுத்து வரும் எண் சொல்கிறது. ஐ7-3770 மூன்றாம் தலைமுறை, 2012இல் வந்தது. ஐ3-12100 பன்னிரண்டாம் தலைமுறை, 2022இல் வந்தது. இரண்டிலும் வேலை செய்யும் மையங்களான கோர் 4, ஒரே நேரத்தில் நடத்தும் வேலைச் சரடான த்ரெட் 8. ஆனாலும் பத்து வருட வேலைப்பாட்டின் வித்தியாசம் ஒவ்வொரு கோரிலும் இருக்கிறது. ஐ3-12100தான் தெளிவாக வேகம். பழையது டிடிஆர்3 என்ற பழைய வகை ரேமைக் கேட்கும், மின்சாரமும் கூடுதலாக இழுக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்தும் ஏஎம்டியின் ரைசன் 2000 வரிசையிலிருந்தும்தான் ஏறும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அந்த 15,000 ரூபாய்ப் பெட்டியில் ஏதோ குறுக்கு வழியில் ஏற்றித் தருவார்கள். ஏறிவிட்டதே என்று நம்பி அதில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

அலுவலகங்களிலிருந்து கழித்த பிராண்ட் கணினிகள் எட்டாம் தலைமுறைக்கு மேல் கிடைத்தால், டேலிக்கும் படிப்புக்கும் நல்ல பேரம்தான். ஆனால் அவற்றில் பலவற்றின் எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் அந்த நிறுவனத்தின் தனி அளவு. பிற்பாடு கடையில் வாங்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் அதில் பொருந்தாது.

இன்டெல்லா, ஏஎம்டியா?

அன்று எது மலிவோ அது. கடைசியில் ஒட்டியிருக்கும் எழுத்தை மட்டும் பாருங்கள். இன்டெல்லில் எஃப் என்று முடிந்தால், உதாரணமாக 12100எஃப், உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு போடாவிட்டால் திரையில் படமே வராது. ஏஎம்4 வகை ரைசனில் எண்ணுக்குப் பிறகு ஜி என்ற எழுத்து வருவதில்தான் கிராஃபிக்ஸ் உண்டு. 5600ஜியில் உண்டு, 5600இல் இல்லை. சில நூறு ரூபாய் மிச்சம் என்று 12400எஃப் வாங்கி வந்து, ஒரு மாதம் படமில்லாமல் வைத்திருந்த வீட்டை எனக்குத் தெரியும்.

கிராஃபிக்ஸ் கார்டு கட்டாயம் வேண்டுமா?

படிப்பு, கணக்கு, சினிமா, இணையம், நிரல் எழுதுவது, டிடிபி வேலை, எதற்கும் வேண்டாம். ரைசன் 5 5600ஜி உள்ளுக்குள் வைத்திருக்கும் கிராஃபிக்ஸே வாலரன்ட் போன்ற இலகுவான விளையாட்டுகளுக்குப் போதும். அதற்கு ரேம் சரியாக அமைய வேண்டும். ரேம் கேள்வியில் அதைச் சொல்கிறேன்.

பெரிய விளையாட்டுகளோ முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டரோ வேண்டுமென்றால், முதலில் கார்டு இல்லாமல் பூட்டிவிட்டு, பணம் சேர்ந்ததும் வாங்குங்கள். பாதிப் பணத்தில் அரைகுறைக் கார்டு வாங்குவதைவிட அது மேல். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 8 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு இருக்கின்றன. 2024இல் வந்த 6 ஜிபி கார்டு 70 வாட்டில் ஓடும், தனி மின்கம்பி கேட்காது, ஆனால் வேகம் குறைவு. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு விலை பேசுங்கள்.

மதர்போர்டில் எதைப் பார்க்க வேண்டும்? எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது?

முதலில் சாக்கெட், அதாவது பிராசசர் உட்காரும் இடம். இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ1700. அது அத்தோடு முடிந்துவிட்டது. அடுத்து வந்த கோர் அல்ட்ரா 200 வேறு சாக்கெட். ஏஎம்டியின் ஏஎம்4 பழையது, மலிவு, அதுவும் முடியும் தறுவாயில் இருக்கிறது. 2022இல் வந்த ஏஎம்5க்கு டிடிஆர்5 ரேம் மட்டுமே பொருந்தும். அதை 2027 வரையிலும் அதற்கு மேலும் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. பின்னால் பிராசசரை மட்டும் மாற்றும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால் ஏஎம்5க்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். பூட்டியதை ஏழு வருடம் தொடாமல் ஓட்டும் வீடுதான் பெரும்பாலும். அவர்களுக்கு ஏஎம்4ஓ எல்ஜிஏ1700ஓ போதும்.

அடுத்து ரேம் வகை. எல்ஜிஏ1700 போர்டுகளில் டிடிஆர்4 கேட்பதும் உண்டு, டிடிஆர்5 கேட்பதும் உண்டு. ஒன்றில் மற்றது செருகாது. நடுவில் உள்ள பள்ளம் வேறு இடத்தில் இருக்கும். எச்610 போர்டில் ரேம் துளை இரண்டுதான். பி660, பி760, பி550 போர்டுகளில் பெரும்பாலும் நான்கு கிடைக்கும். எஸ்எஸ்டி செருகும் எம்.2 துளை இருக்கிறதா, அது வேகமான என்விஎம்இ வகையை ஏற்குமா என்று கடையிலேயே கேளுங்கள்.

பழைய இருப்பில் கிடந்த பி450 போர்டை வாங்கினால், அதன் பயாஸ், அதாவது போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள், 5000 வரிசை ரைசனை அறியாமல் இருக்கலாம். மின்விசிறி சுற்றும், படம் வராது. கடையிலேயே பயாஸைப் புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். அது அவர்களுக்குப் பத்து நிமிட வேலை, உங்களுக்கு இரண்டு நாள் அலைச்சல்.

ரேம் 16 ஜிபி ஒன்றாக வாங்குவதா, 8 ஜிபி இரண்டாக வாங்குவதா?

தனிக் கார்டு இல்லாத கணினிக்கு இரண்டாகத்தான். உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, உங்கள் ரேமில்தான் குடியிருக்கும். இரண்டு துண்டு போட்டால் இரண்டு பாதை திறக்கும், போக்குவரத்து இரட்டிப்பாகும். ஒரே பிராசசரில், ஒரு துண்டை எடுத்துவிட்டு விளையாடினாலே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

தொகை இடிக்கிறது என்றால் இப்போது ஒரு 8 ஜிபி, பிறகு அதே மாதிரி இன்னொன்று. துண்டின் மேல் ஒட்டியிருக்கும் தாளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்ததை வாங்கும்போது அதே எண்ணைக் கேட்கலாம். நான்கு துளை உள்ள போர்டில் இரண்டு துண்டை, பிராசசரிலிருந்து எண்ணி, இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். அடுத்தடுத்துப் போடக் கூடாது.

எஸ்எஸ்டி போதுமா, ஹார்ட் டிஸ்க்கும் வேண்டுமா?

500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று போதும். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150 அல்லது 200 எம்பி வேகத்தில் படிக்கும். பழைய இணைப்பான சாட்டா வகை எஸ்எஸ்டி 550 வரை, சாதாரண என்விஎம்இ 3,000க்கு மேல். குடும்பப் படங்களுக்கும் வீடியோ வேலைக்கும் பிறகு ஹார்ட் டிஸ்க் சேர்க்கலாம். எம்.2 என்பது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயரல்ல. எம்.2 வடிவில் சாட்டாவும் விற்கிறது. இரண்டும் ஒரே விலை என்று நீட்டினால் என்விஎம்இ எதுவென்று கேட்டு வாங்குங்கள்.

கேபினட்டோடு 500 வாட் எஸ்எம்பிஎஸ் சேர்த்தே தருகிறார்கள். தனியாக எதற்கு வாங்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் யாரையும் கடைக்கு அனுப்புவதில்லை. என் தம்பிக்கு நான் பூட்டிய முதல் கணினியில் அப்படி ஒன்றைத்தான் போட்டேன். பதினொரு மாதம் ஓடியது. ஒரு மாலை, மழை விட்ட நேரம், பட்டாசு போல ஒரு சத்தம், எரிந்த வாடை. எஸ்எம்பிஎஸ்ஸோடு மதர்போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் போயின. அந்த டிஸ்க்கில் எங்கள் அப்பாவின் கடைசி இரண்டு வருடப் படங்கள் இருந்தன. திரும்பக் கிடைக்கவில்லை. விற்ற கடையில், கேபினட்டோடு வந்ததற்கு வாரண்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

கடையில் நீங்களே சோதிக்கலாம். ஒரு கையில் கேபினட்டோடு வருவதையும் மறு கையில் பெயருள்ள நிறுவனத்தின் 450 வாட்டையும் தூக்கிப் பாருங்கள். முதலாவது காலி டிபன் பாக்ஸ் போலக் கனமில்லாமல் இருக்கும். உள்ளே செம்பும் வெப்பம் வாங்கும் அலுமினியத் தகடும் குறைவு. பிறகு பக்கவாட்டில் ஒட்டிய அட்டவணையில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழ் எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். இன்றைய கணினியில் பிராசசரும் கார்டும் 12 வோல்ட்டில்தான் பசியாறுகின்றன. 16 ஆம்பியர் என்றிருந்தால் 12 பெருக்கல் 16, 192 வாட். மேலே 500 என்று எவ்வளவு பெரிதாக அச்சடித்திருந்தாலும் உங்களுக்கு உதவுவது அந்த 192தான். நல்ல 450 வாட்டில் 12 வோல்ட் மட்டுமே 400 வாட்டுக்கு மேல் தரும்.

80 பிளஸ் முத்திரை, சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகிறது என்பதைச் சொல்கிறது. தரத்துக்கு அது முழுச் சான்றில்லை. ஆனால் வெண்கல (Bronze) முத்திரையோடு, மூன்று முதல் ஐந்து ஆண்டு வாரண்டியும் இருந்தால் நம்பி வாங்கலாம். 5600ஜி கணினி தனிக் கார்டு இல்லாமல் 100 வாட் அளவில்தான் இழுக்கும். நிஜமான 450 வாட் இருந்தால் பிறகு நடுத்தரக் கார்டும் போடலாம். 750 வாட்டுக்கு ஓட வேண்டாம்.

கேபினட்டைத் தொட்டால் சுருசுருவென்று ஷாக் அடிக்கிறது. எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கும், வீட்டில் எர்த் இல்லாமல் இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கெப்பாசிட்டர்களைக் கேபினட்டின் உலோகத்தோடு இணைத்திருப்பார்கள். அவற்றின் வழியே கசியும் சிறு மின்சாரம் மூன்றாவது பின் வழியாகப் பூமிக்குப் போக வேண்டும். அந்த வழி அடைபட்டால் கேபினட் 230 வோல்ட்டில் பாதியளவு ஏறி நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் சுருசுருப்போடு நிற்கிறது. ஆனால் உள்ளே ஏதாவது பழுதானால் முழு மின்சாரத்துக்கும் வேறு வழி உங்கள் உடம்புதான்.

தாராவி 90 அடி சாலைப் பக்கம் ஒரு வீட்டில், பையன் வெறுங்காலோடு உட்கார்ந்து யூஎஸ்பி செருகும்போதெல்லாம் கையை உதறினான். டெஸ்டரைக் கேபினட்டில் வைத்தால் மங்கலாக எரிந்தது. மெயினை அணைத்துப் பிளக் பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்தோம். மூன்று துளை உள்ள பாயின்ட், பின்னால் வந்திருந்த கம்பி இரண்டுதான். மேலே உள்ள பெரிய துளைக்குப் பின்னால் தூசியைத் தவிர ஒன்றுமில்லை. இருபது வருடமாக அந்த வீட்டில் கிரைண்டரும் அதில்தான் ஓடியிருக்கிறது.

உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைத்து மீட்டரிலிருந்து எர்த் கம்பி இழுக்கச் சொல்லுங்கள். கூடவே மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபியும் போட்டுக்கொள்ளுங்கள். எர்த்தை நியூட்ரலோடு முடிச்சுப் போடுகிறேன் என்பவரையும், தண்ணீர்க் குழாயில் கட்டுகிறேன் என்பவரையும் அனுமதிக்காதீர்கள். குழாயில் கட்டினால் பக்கத்து வீட்டில் தண்ணீர் பிடிக்கிறவருக்கு ஆபத்து. செலவுக்கு வழியில்லை என்றால் கார்டு வாங்குவதைத் தள்ளிப்போட்டு இதைச் செய்யுங்கள்.

மும்பையில் கரண்ட் போவதே இல்லையே, யூபிஎஸ் எதற்கு?

நம் ஊர்களோடு ஒப்பிட்டால் இங்கே மின்தடை குறைவுதான். ஆனாலும் 2020 அக்டோபர் 12 அன்று நகரமே மணிக்கணக்கில் நின்றது. கட்டடத்தில் பியூஸ் போவது அதைவிடச் சாதாரணம். படிக்கிற பிள்ளைக்கு நான் வற்புறுத்த மாட்டேன். கணக்கு எழுதுகிறவருக்கு வற்புறுத்துவேன். சேமிக்காத பதிவேடு பாதியில் போனால் ஒரு நாள் போயிற்று. 600 விஏ என்பது 600 வாட் ஆகாது, ஏறக்குறைய 360 வாட். கார்டு இல்லாத கணினிக்கும் மானிட்டருக்கும் அது போதும். எர்த் இல்லாத வீட்டில் யூபிஎஸ் வாங்கி ஷாக் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முந்தைய பதிலில் சொன்ன வேலை அப்படியே பாக்கி இருக்கும்.

மழைக்காலத்தில் வாங்கலாமா? கடல் காற்றில் துருப்பிடிக்குமா?

வாங்கலாம். ஆனால் கொட்டும் மழையில் அட்டைப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வராதீர்கள். ஏசி கடையிலிருந்து வந்த பாகத்தைப் புழுக்கமான அறையில் உடனே பிரித்தால் மேலே ஈரம் பூக்கும். ஒரு மணி நேரம் மூடியே வைத்துவிட்டுப் பிரியுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மாதக்கணக்கில் அணைத்து வைக்காமல் தினமும் சற்று நேரம் ஓட்டுங்கள். அந்தச் சூட்டிலேயே உள்ளே ஈரம் தங்காது.

தரைத்தள வீடுகளில் கேபினட்டைத் தரையில் வைக்கவே கூடாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. அன்று வீட்டுக்குள் எதுவரை தண்ணீர் வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். பலகையை அதற்கு மேல் அடியுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அங்கேயே இருக்கட்டும். சுவரோடு ஒட்டி வைக்காமல் பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள்.

லேமிங்டன் ரோட்டில் ஏமாற்றிவிடுவார்கள் என்கிறார்களே, எப்படி வாங்குவது?

நல்ல கடைகள் நிறைய இருக்கின்றன. கையில் பட்டியல் இல்லாமல் போனால்தான் எங்கும் தடுமாற்றம். கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி நடக்கும் தூரம். பில்லில் முகவரி டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று இருக்கும். இரண்டும் ஒரே சாலைதான். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வார நாளில், காலைக் கூட்டம் முடிந்த பிறகு போங்கள். எண்ணும் எழுத்தும் பிசகாத பட்டியலை நான்கு கடையில் கொடுத்து விலையை எழுதி வாங்குங்கள். ‘அது இல்லை, அதைவிட நல்லது இது’ என்று வேறொன்றை எடுத்து வைத்தால், அடுத்த கடைக்குப் போங்கள்.

கச்சா பில்லா, பக்கா பில்லா என்று கேட்பார்கள். கச்சா பில் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்பார்கள். வேண்டாம். வாரண்டிக்கு நிறுவனத்திடம் போனால் ஜிஎஸ்டி எண்ணும் பாகத்தின் தொடர் எண்ணும் உள்ள பக்கா பில்லைத்தான் கேட்பார்கள். பிராசசர் முத்திரை உடையாத பெட்டியில் வந்தால் நிறுவனத்தின் மூன்று ஆண்டு வாரண்டி. ட்ரே என்று சொல்லிப் பெட்டியில்லாமல் தருவது சற்று மலிவாக இருக்கும், பிராசசரைக் குளிர்விக்கும் கூலரும் வராது, வாரண்டி அந்தக் கடையின் வாய்ச்சொல்லோடு நிற்கும்.

கடைக்காரரே பூட்டித் தந்தால் மறுக்காதீர்கள், பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். காலிப் பெட்டிகள் அனைத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள். திரும்பும்போது கேபினட்டோடு லோக்கலில் ஏறுவதானால் மாலை நெரிசலுக்கு முன் லக்கேஜ் பெட்டியில் ஏறி தாதரில் மாறுங்கள். கைப்பையில் அடங்கும் பாகங்கள் மட்டுமென்றால், 2025 அக்டோபரில் முழுமையாகத் திறந்த மூன்றாம் மெட்ரோ கிராண்ட் ரோட்டிலிருந்து தாராவிக்கு நேராக வருகிறது.

செகண்ட் ஹேண்ட் கிராஃபிக்ஸ் கார்டு பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

ஓட்டிப் பார்க்கவிட்டால் வாங்கலாம். 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயத்தை கார்டுகளால் சுரங்கமெடுக்கும் முறை முடிவுக்கு வந்ததும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்தன. அவை எல்லாமே கெட்டவை என்று ஒதுக்க வேண்டாம். விசிறி தள்ளாடுகிறதா, சத்தம் வருகிறதா, அரை மணி நேரம் விளையாட்டு ஓடினால் திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா என்று பாருங்கள்.

பெரிய மோசடி வேறு. பத்து வருடப் பழைய சில்லில் பயாஸை மாற்றி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் காட்டும்படி செய்து விற்கிறார்கள். விண்டோஸும் அந்தப் பெயரையே காட்டும். ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளை பென் டிரைவில் கொண்டுபோய் ஓட்டினால் பல போலிகளைக் காட்டிக் கொடுக்கும். ஓட்ட விடாத இடத்தில் எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் எந்நாளும் பழையதாக வாங்க வேண்டாம்.

விண்டோஸுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா? தமிழில் அடிக்க வேறு கீபோர்டு தேவையா?

விண்டோஸ் உரிமம் தனிச் செலவு, 35,000இல் அதற்கு இடமிருக்காது. கடைக்காரர் இலவசமாகப் போட்டுத் தருவது திருட்டுப் பிரதி. அதற்குள் வேறென்ன வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. படிப்புக்கும் நிரல் எழுதவும் லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ போடுங்கள், காசு இல்லை. டேலி வேண்டுமென்றால் மட்டும் விண்டோஸுக்குச் சேர்த்து வையுங்கள்.

தமிழுக்குத் தனி கீபோர்டு வேண்டாம். விண்டோஸ் அமைப்புகளில் மொழி சேர்த்தால் தமிழ்99, அஞ்சல் இரண்டும் இருக்கின்றன, லினக்ஸிலும் தமிழ் விசைப்பலகை உண்டு. புதிதாகக் கற்கும் பிள்ளைக்குத் தமிழ்99 பழக்குங்கள். ஒலியை ஆங்கிலத்தில் யோசிக்காமல் நேராகத் தமிழில் விரல் ஓடும்.

எல்லாம் பூட்டிவிட்டேன், விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. என்ன செய்வது?

பதறாமல் வரிசையாகப் பாருங்கள். தனிக் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் கார்டில் இருக்க வேண்டும், மதர்போர்டில் அல்ல. பிராசசர் எஃப் வகையா என்று பெட்டியைப் பாருங்கள். போர்டின் மேல் மூலையில் பிராசசருக்கென்று தனியாக வரும் நான்கு அல்லது எட்டுப் பின் மின்செருகியை மறந்திருக்கலாம். நான் பார்த்ததில் பாதி அதுதான். ரேமைக் கழற்றி, இரு பக்கமும் ‘டக்’ என்று கேட்கும் வரை திரும்ப அழுத்துங்கள். ஒரே துண்டோடு முயலுங்கள்.

ஏஎம்5 ஆனால் முதல் தடவை டிடிஆர்5 ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரை கறுப்புதான். நடுவில் அணைத்துவிடாதீர்கள், ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகும் வராவிட்டால், பயாஸ் பற்றி மதர்போர்டு பதிலில் சொன்னதைக் கடைக்காரரிடம் கேளுங்கள். கேபினட்டுக்கும் போர்டுக்கும் நடுவே வைக்கும் பித்தளைக் குமிழ் ஒன்று தவறான இடத்தில் நின்று போர்டின் அடியைத் தொடுகிறதா என்றும் பாருங்கள்.

மூன்று வருடம் கழித்து வேகம் குறைந்தால் முதலில் எதை மாற்றுவது?

முதலில் ஒரு பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள், விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு. எஸ்எஸ்டி நிறைந்து கிடந்தால் ஐந்தில் ஒரு பங்கையாவது காலி செய்யுங்கள். அதற்குப் பிறகும் திணறினால் இரண்டாவது ரேம் துண்டு, அடுத்து கிராஃபிக்ஸ் கார்டு. ஏஎம்4 போர்டில் 5600ஜியை எடுத்துவிட்டுப் பழைய 8 கோர் ரைசன் ஒன்றைப் போடலாம், அதற்கும் போர்டின் பயாஸ் பட்டியலைப் பாருங்கள். கழற்றும்போது கூலரை நேராக இழுக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவே தடவிய பேஸ்ட் இறுகி, பிராசசர் ஊசிகளோடு பிய்ந்து வரும். கணினியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, மின்சாரத்தைத் துண்டித்து, கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகி எடுங்கள்.

கார்டு வாங்கும் நாளில் எஸ்எம்பிஎஸ் பில்லையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அதன் 12 வோல்ட் ஆம்பியரும் வாரண்டி முடியும் மாதமும் பார்த்த பிறகுதான் எந்தக் கார்டு என்று நான் சொல்வேன்.